வாய் நாற்றம்: யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

கடந்த ரமழானுக்குச் சில நாட்களுக்கு முன்னர் கத்தாரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. என்னிடம் ஆங்கிலம் படித்த மாணவர் ஒருவர். அங்கே ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பிரிவில் வேலை செய்கின்றார். சுகம் விசாரித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "சேர், ஒரு வசனத்த இங்கிலீஷில எப்படிச் சொல்றது எண்டு கேக்கத்தான் எடுத்தேன்" என்றார்.

விடயம் இதுதான். அவரோடு ஒரே மேசையில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞரின் வாய் மணக்கிறதாம். வரும் விருந்தினர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை இவர் பல தடவைகள் கண்டிருக்கிறார். மேலாளரின் காதுக்குப் போவதற்கு முன்னர் ஒரு நண்பனாகச் சொல்லிவிட வேண்டும் என்பது இவருடைய எண்ணம். ஆனால், தனக்கு வரும் ஆங்கிலத்தில் சொன்னால் நட்பு முறிந்துவிடும் என்று பயப்படுகிறார்.

நான் 31 வருடங்கள் ஆங்கிலம் படிப்பித்தவன். லீவுக் கடிதம், வேலை விண்ணப்பம், வழி கேட்பது, நன்றி சொல்வது எல்லாம் படிப்பித்திருக்கிறேன். இதை ஒரு நாளும் படிப்பிக்கவில்லை. பாடப்புத்தகத்திலும் இது இல்லை. அதைவிட வெட்கமான ஒன்றும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் பல வருடங்களாக வாய் நாற்றத்தோடு நின்று படிப்பித்தவன் நான்தான். எந்த மொழியிலும் ஒருவரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையை அந்த மாணவருக்குச் சொன்ன பதிலிலிருந்து தொடங்கி, எமது வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கொண்டுவரலாம் என நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

எம்மவர்கள் தமிழை அப்படியே மாற்றி, "யுவர் மவுத் இஸ் ஸ்மெல்லிங்" என்று சொல்வார்கள். இலக்கணம் பெரிதாகப் பிழையில்லை. ஆனால் ஆங்கிலம் பேசுபவர் அப்படிச் சொல்வதில்லை. கேட்பவருக்கு அது முகத்தில் அடித்தது போல இருக்கும். "யூ ஸ்மெல்" என்பது இன்னும் மோசம், அது ஏச்சு.

அவர்கள் வாயைப் பற்றிப் பேசுவதில்லை, மூச்சைப் பற்றித்தான் பேசுவார்கள். அதுதான் "பேட் பிரெத்". காலையில் எழும்பும்போது எல்லோருக்கும் இருப்பது "மோர்னிங் பிரெத்". உள்ளி சாப்பிட்டால் வருவது "கார்லிக் பிரெத்". இங்கே ஒரு பொதுவான பிழையையும் சொல்லிவிடுகிறேன். "பிரெத்" என்பது மூச்சு, பெயர்ச்சொல். "ப்ரீத்" என்பது மூச்சு விடுதல், வினைச்சொல். "பேட் ப்ரீத்" என்று எழுதும், சொல்லும் பட்டதாரிகள் நிறையப் பேரை நான் கண்டிருக்கிறேன். அதேபோல் நாம் பல் கழுவுவதால் "வொஷ் மை டீத்" என்கிறோம். அவர்கள் "ப்ரஷ் மை டீத்" என்பார்கள். வாயில் தண்ணீர் எடுத்து அலசித் துப்புவது "ரின்ஸ்". தொண்டைவரை விட்டுக் கரகரவென்று கொப்பளிப்பதுதான் "கார்கல்". வைத்தியர் ரின்ஸ் பண்ணச் சொன்னதை கார்கல் என்று விளங்கிக்கொண்டு இருமித் துன்பப்பட்டவர்களும் உண்டு.

சரி, அந்த இளைஞரிடம் எப்படிச் சொல்வது? மாணவருக்கு நான் கொடுத்த வசனங்கள் இவை: "கேன் ஐ டெல் யூ சம்திங் அஸ் எ ஃப்ரெண்ட்?" அவர் சரி என்றதும், "ஐ ஹாவ் நோட்டிஸ்ட் யுவர் பிரெத் இஸ் எ பிட் ஸ்ட்ரோங் லேட்லி. ஐ வுட் வோன்ட் சம்வன் டு டெல் மீ." உங்களிடம் ஒன்று சொல்லலாமா, கொஞ்ச நாளாக உங்கள் மூச்சில் சற்று வாடை இருப்பதைக் கவனித்தேன், எனக்கு இருந்தால் யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் நானும் விரும்புவேன் என்பது இதன் கருத்து. "எ பிட்" என்ற சிறிய சொல்லும், "லேட்லி" என்ற சொல்லும் இங்கே பெரிய வேலை செய்கின்றன. கொஞ்சம், அண்மைக் காலமாக என்று சொல்லும்போது அது அந்த மனிதரின் குணம் என்றில்லாமல் வந்து போகும் ஒரு நிலைமையாக மாறிவிடுகிறது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

"வுட் யூ லைக் எ மின்ட்?" என்று ஓர் இனிப்பை நீட்டுவது அவர்களிடையே இருக்கும் இன்னொரு வழி. இந்தக் குறிப்பு எல்லோருக்கும் விளங்குவதில்லை. எம்மவர் வாங்கி, "நல்ல டேஸ்ட்" என்று சொல்லி இன்னொன்றும் கேட்பார். ஆகவே வெளிநாட்டில் வேலை செய்யும் தம்பிமாருக்கு ஒரு புத்திமதி: ஒருவர் இரண்டு, மூன்று முறை உங்களுக்கு மட்டும் மின்ட் நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு "ஹலிட்டோசிஸ்" என்று ஒரு வைத்தியச் சொல்லும் உண்டு. அந்தச் சொல்லைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனது வைத்தியர்கள் அல்லர், 1920களில் அமெரிக்காவில் வந்த லிஸ்டரின் விளம்பரங்கள். ஜோசப் லிஸ்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரைச் சூட்டி 1879இல் கிருமிநாசினியாக உருவாக்கப்பட்ட திரவம் அது. பிறகு அதை வாய் கழுவும் திரவமாக விற்றார்கள். விளம்பரங்களில் திருமணம் கைகூடாத அழகான பெண்கள் வருவார்கள். அவர்களுடைய குறையை மிக நெருங்கிய தோழிகூடச் சொல்லமாட்டாள் என்பதே அந்த விளம்பரங்களின் கரு. பயத்தைக் காட்டிப் பொருள் விற்ற விளம்பரம்தான், ஆனால் மனிதர்களைப் பற்றி அவர்கள் கண்டுபிடித்திருந்தது உண்மை. இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

எமது மொழியில்?

எமது பேச்சில் நல்ல வாசனைக்கும் மணம், கெட்ட வாடைக்கும் மணம்தான். "வாய் மணக்குது" என்றால் நாறுகிறது என்று அர்த்தம். எழுதும்போது துர்நாற்றம் என்று எழுதுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில், ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து மரியாதையாகச் சொல்ல ஒரு சொல் எமக்குப் பழக்கத்தில் இல்லை. சொல் இல்லாததால் பேச்சும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சு தாராளமாக இருக்கிறது, அவரில்லாத இடத்தில். ஒவ்வொரு ஊரிலும் பள்ளிவாசலில் சஃப்பு நிற்கும்போது, "அவருக்குப் பக்கத்தில நிக்க ஏலாது" என்று காதோடு சொல்லப்படும் ஒருவராவது இருப்பார். சிலருக்குப் பட்டப்பெயரும் வைத்திருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் இதைப் பேசுவது புறம். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அது நஸீஹத். கடினமானதை விட்டுவிட்டு ஹராமானதை இலகுவாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

என்னுடைய விடயத்திலும் இதுதான் நடந்தது. கடைசியில் சொன்னது என் மகளின் நான்கு வயதுப் பிள்ளை. மடியில் இருந்தவள் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மூத்தாப்பா, அங்கால பாத்துக் கதைங்க" என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அன்று இரவு அவரிடம் கேட்டேன். "எத்தின வருஷமா இருக்கு?" அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சின்னவன் ஓ.எல். எடுத்த காலத்தில இருந்து இருக்கு. சொன்னா நீங்க கோவிப்பீங்க எண்டு சொல்லல்ல." எங்கள் சின்னவன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா.

எங்கிருந்து வருகிறது?

எமது ஊர்களில் வாய் மணந்தால் முதலில் குற்றம் சாட்டப்படுவது வயிறு. "கெஸ்டிரிக்" என்று சொல்லி மருந்துக் கடையில் ஏதாவது வாங்கிக் குடிப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் நீடித்த வாய் நாற்றத்தில் பெரும்பாலானவை வாய்க்குள்ளேயே உருவாகின்றன. உணவுக்குழாய் சாதாரண நேரத்தில் மூடியே இருப்பதால் வயிற்றின் வாடை எந்நேரமும் மேலே வந்துகொண்டிருப்பதில்லை. அமிலம் மேலெழும் நோய் உள்ள சிலருக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் தேடலை அங்கே தொடங்குவது தவறு.

நாக்கின் பின்பகுதியிலும், பல்லுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள இடுக்குகளிலும் காற்றுப் படாத இடங்களில் வாழும் பக்டீரியாக்கள் உணவுத் துணுக்குகளிலும் உதிர்ந்த கலங்களிலும் உள்ள புரதத்தை உடைக்கின்றன. அப்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளியாகின்றன. அவற்றில் ஒன்றான ஐதரசன் சல்பைட்தான் அழுகிய முட்டையின் வாடைக்கும் காரணம். உமிழ்நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது வாயைக் கழுவிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைகிறது, அதனால்தான் காலையில் வாடை. வாயால் மூச்சு விடுபவர்களுக்கும், பிரஷர், மன அழுத்தம், ஒவ்வாமை போன்றவற்றுக்கான சில மாத்திரைகள் பாவிப்பவர்களுக்கும் வாய் வறண்டு இதே நிலைமை பகலிலும் ஏற்படும்.

தொண்டைச் சதையில் படியும் சிறு வெள்ளைக் கட்டிகள், பீனிசம், உடைந்த பல், சரியாகப் பொருந்தாத, இரவில் கழற்றாத கட்டுப்பல் இவையும் காரணங்களே. வாய்க்கு வெளியே உள்ள சில நோய்களும் மூச்சில் தெரியும். கட்டுப்பாடில்லாத நீரிழிவில் அழுகிய பழம் போன்ற வாடை வரலாம். சிறுநீரகம் செயலிழக்கும்போது அமோனியா வாடை வரும். இவை அரிது, ஆனால் அவசரமானவை.

தன் வாய் வாடை தனக்குத் தெரியாது என்பதுதான் இதிலுள்ள பெரிய சிக்கல். எந்நேரமும் இருக்கும் வாடையை மூக்கு கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். மணிக்கட்டின் உட்பக்கத்தை நாக்கால் நக்கி, சில விநாடிகள் காயவிட்டு முகர்ந்து பார்க்கலாம். பல்லிடுக்கில் நூல் விட்டு எடுத்து அதை முகர்ந்து பார்க்கலாம். எல்லாவற்றையும் விட நம்பகமானது நம்பிக்கையான ஒருவரிடம் கேட்பதுதான். இதற்கு மறுபக்கமும் உண்டு. வாயில் எந்த வாடையும் இல்லாமலே, இருப்பதாக நம்பி மனம் நொந்து, ஆட்களோடு பழகாமல் ஒதுங்கும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வைத்தியரின் வாயால் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற வார்த்தை தேவைப்படுகிறது.

முரசில் இரத்தம்

எனக்கு இருந்தது முரசு நோய். பல் தீட்டும்போது வருடக்கணக்காக இரத்தம் வந்தது. பிரஷ் கடினம் என்று நினைத்து, இரத்தம் வரும் இடத்தைத் தீட்டாமல் விட்டேன். அதனால் அந்த இடம் இன்னும் மோசமானது. அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவில் என்னைப் பார்த்த பெண் வைத்தியர் முதலில் கேட்டது பல்லைப் பற்றியல்ல. "உங்களுக்கு சீனி இருக்கா? கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார். பார்த்ததே இல்லை. பார்த்தபோது இருந்தது. முரசு நோயும் நீரிழிவும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சீனி கட்டுப்பாடில்லாவிட்டால் முரசு கெடும், முரசில் நீடித்த அழற்சி இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். இரண்டு பற்களை இழந்தேன். எத்தனையோ வருடங்களுக்கு முன்னர் ஒருவர் என்னிடம் வாய் மணக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு பற்களும் இன்று இருந்திருக்கலாம். சீனியையும் நேரத்தோடு கண்டுபிடித்திருக்கலாம்.

முரசு நோய் எப்படி வளர்கிறது என்று உலகம் படித்துக்கொண்டதே எமது நாட்டுத் தோட்டத் தொழிலாளர்களின் வாய்களைப் பார்த்துத்தான் என்பது பலருக்குத் தெரியாது. நோர்வேயில் பிறந்த ஹரால்ட் லோ என்ற பேராசிரியரின் குழு 1970இல் இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதிக்கத் தொடங்கியது. அவர்களுக்குப் பல் தீட்டும் பழக்கமும் இல்லை, பல் வைத்திய வசதியும் இல்லை. 15 வருடங்கள் மீண்டும் மீண்டும் வந்து பார்த்தார்கள். 1986இல் வெளியான முடிவுகளின்படி, ஏறக்குறைய 8 சதவீதமானோருக்கு நோய் மிக வேகமாகப் பரவியது. அவர்கள் 45 வயதளவில் பற்களை எல்லாம் இழந்துவிடும் நிலையில் இருந்தார்கள். 81 சதவீதமானோருக்கு மிதமான வேகத்தில் பரவியது. 11 சதவீதமானோருக்கு முரசு வீங்கி இருந்ததே தவிர அதற்கு மேல் போகவில்லை. பல்லைக் கவனிக்காத எல்லோருக்கும் ஒரே கதி இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. "எங்கட வாப்பா ஒரு நாளும் பிரஷ் பாவிக்கல்ல, 80 வயசிலயும் முறுக்கு கடிச்சார்" என்று சொல்பவரின் வாப்பா அந்த 11 சதவீதத்தில் ஒருவராக இருந்திருக்கலாம். மகனும் அதில்தான் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? அந்தத் தொழிலாளர்களுக்குப் பல் வைத்தியம் எட்டவில்லை என்பதையும் இந்த ஆய்வைப் படிக்கும்போது மறக்க முடியவில்லை.

மிஸ்வாக்கும் நோன்பும்

வாய்ச் சுத்தத்தை இபாதத்தோடு சேர்த்துத் தந்த மார்க்கம் எம்முடையது. உம்மத்துக்குச் சிரமமாகாது என்றிருந்தால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யும்படி கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் நுழைந்ததும் நபியவர்கள் முதலில் செய்தது மிஸ்வாக் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் அவ்வளவு பேசுவதில்லை. பள்ளிவாசலுக்குப் போகும்போது வாயைக் கவனிக்கும் நாம் வீட்டுக்கு வரும்போது கவனிப்பதில்லை. என் மனைவியிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பச்சையாக உள்ளியோ வெங்காயமோ சாப்பிட்டவர் பள்ளிவாசலுக்கு வராமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் உயிர். சிகரட் குடித்துவிட்டு நேராக சஃப்பில் வந்து நிற்பவருக்கு இது பொருந்தாதா?

மிஸ்வாக் குச்சி பெரும்பாலும் உகாய் மரத்தின் வேர் அல்லது கிளை. அதை முறையாகப் பாவித்தால் பல்லில் படியும் படலத்தைக் குறைக்கிறது. ஆனால் ஜுப்பாப் பையில் மாதக்கணக்காகக் கிடந்து, நுனி கறுத்து, உதிர்ந்துபோன குச்சியால் முன்பற்கள் நான்கை மட்டும் இரண்டு முறை இழுப்பது பல்லைச் சுத்தமாக்காது. சில நாட்களுக்கொரு முறை நுனியை வெட்டிப் புதிதாக மென்று நாராக்க வேண்டும், பாவித்த பின் கழுவிக் காயவிட வேண்டும். கடைவாய்ப் பற்களின் உட்பக்கம் அதற்கு எட்டுவது கஷ்டம். ஆகவே பிரஷும் வேண்டும். காலையில் ஒரு முறை, படுக்கப்போகும் முன் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம், புளோரைட் உள்ள பற்பசையால் தீட்டுவது இன்றைய பொதுவான ஆலோசனை. பெட்டியில் 1000 முதல் 1500 வரை பி.பி.எம். என்று போட்டிருக்கும். தீட்டி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரால் அலசி அலசிக் கழுவினால் புளோரைட்டும் போய்விடும். நாக்கையும் பின்னாலிருந்து முன்னுக்கு மெதுவாக வழித்துவிடுங்கள். எமது பாட்டிமார் வைத்திருந்த நாக்கு வழிக்கும் தகட்டை இப்போது "டங் ஸ்கிரேப்பர்" என்று விலை கூட்டி விற்கிறார்கள்.

வாய் கழுவும் திரவங்கள் சிறிது நேரம் வாடையை மறைக்கும். முரசுக்குள் இருக்கும் நோயை அவை தீர்ப்பதில்லை. அற்ககோல் சேர்க்காதவையும் கடைகளில் கிடைக்கின்றன.

நோன்பு காலத்துக்கு வருவோம். நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடத்தில் கஸ்தூரியை விட மேலானது என்ற கருத்திலான ஹதீஸை, பல் தீட்டாமல் இருப்பதற்கு ஆதாரமாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். வெறும் வயிற்றாலும் உமிழ்நீர் குறைவாலும் வரும் வாடை வேறு. ஸஹரில் சாப்பிட்ட கருவாடு பல்லிடுக்கில் அழுகி வரும் வாடை வேறு. முதலாவது நோன்பின் அடையாளம், இரண்டாவது கவனக்குறைவு. எமது நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நோன்பாளி ளுஹர் நேரம் நுழைந்த பின் மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்பது பிரபலமான கருத்து. அதே மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அல் மஜ்மூஃ நூலில் மக்ரூஹ் இல்லை என்ற கருத்தைத் தெரிவு செய்திருப்பதாக உலமாக்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். எதைப் பின்பற்றினாலும் ஸஹர் முடிந்து ஸுப்ஹுக்கு முன்னர் நன்றாகப் பல் தீட்டுவதையோ, இரவில் தராவீஹ் முடிந்து இனிப்புத் தேநீர் குடித்தபின் தீட்டிவிட்டுப் படுப்பதையோ எந்த மத்ஹபும் தடுக்கவில்லை.

வெற்றிலைத் தட்டு

வாய் மணக்காமல் இருக்கவே வெற்றிலை போடுவதாக எமது மூத்தவர்கள் பலர் சொல்வார்கள். கல்யாண வீடுகளிலும் கத்தம் வீடுகளிலும் தட்டு வைப்பது மரியாதை. வாடையை அது சற்று நேரம் மறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கையும், புகையிலை சேர்த்த வெற்றிலையையும், சேர்க்காத வெற்றிலையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தரப் பட்டியலில் வைத்திருக்கிறது. "நான் பொயில போடுறல்ல, பாக்கு மட்டும்தான்" என்ற சமாதானம் சரிவராது. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே.

வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், உறைப்பு பட்டால் தாங்க முடியாத எரிச்சல், முன்னர் போல வாயைத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் தள்ளக் கூடாது. ஆரம்பத்தில் இவை பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் விட்டுவிடுகிறோம். வாயைப் பற்றிப் பேசவே வெட்கப்படும் வீட்டில் ஒரு உம்மும்மாவின் கன்னத்துக்குள் இருக்கும் வெள்ளைத் திட்டை யார் பார்ப்பது?

வீட்டிலும் பள்ளியிலும் சொல்லும் முறை

கணவன் மனைவிக்கிடையில் இதைக் கேள்வியாகத் தொடங்குவது இலகு. "என்ட வாய் மணக்குதா, உண்மையச் சொல்லுங்க" என்று முதலில் தன்னைப் பற்றிக் கேட்டுவிட்டால் மற்றவருக்கும் கேட்கும் துணிவு வரும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் வழக்கம். நானாவுக்கு, மச்சானுக்குச் சொல்வதென்றால், "எனக்கும் இருந்திச்சு, போய்க் காட்டினேன், முரசில வருத்தம் எண்டு சொன்னாங்க, நீங்களும் ஒருக்காக் காட்டிப் பாருங்களேன்" என்று சொல்லலாம். பொய் சொல்லச் சொல்லவில்லை. பெரும்பாலானோருக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு காலத்தில் இருந்திருக்கும். வயதில் மூத்த ஹாஜியாருக்கு அவருடைய வயதொத்த ஒருவர் சொல்வதே நல்லது. இமாமுக்குச் சொல்வதென்றால் நிர்வாக சபைக் கூட்டத்தில் பேசக் கூடாது. வட்ஸ்அப் குழுவில் பெயர் போடாமல் "சிலர்" என்று பொதுவாக எழுதிப் போடுவது ஆகக் கெட்ட வழி. உரியவருக்கு விளங்காது, உரியவரல்லாத பத்துப் பேர் மனம் நோவார்கள்.

பிள்ளைகள் விடயத்தில் கேலியை நிறுத்துவது பெற்றோரின், ஆசிரியரின் கடமை. அத்தோடு நின்றுவிடாமல், பாடசாலைப் பல் சிகிச்சையாளரிடம் அந்தப் பிள்ளையை அனுப்ப வேண்டும். பல பாடசாலைகளில் இந்தச் சேவை இலவசமாக இருக்கிறது, பாவிப்பவர்கள் குறைவு.

அரசாங்க வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவுகளிலும் கட்டணம் இல்லை. முரசு நோய்க்கு முதலில் செய்வது பல்லில் இறுகிய காறையைச் சுரண்டி எடுக்கும் "ஸ்கேலிங்". அதனால் பல் ஆடும் என்பது ஊர்ப் பேச்சு. ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காறை பிடித்து வைத்திருந்தது, எடுத்ததும் தெரிகிறது, அவ்வளவுதான். சிக்கலான நோய்களுக்கு பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை, கொழும்பு வோட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலை என்பன இருக்கின்றன. கிழக்கிலிருந்தோ வன்னியிலிருந்தோ அங்கே போகும் எம்மவர்களுக்கு மொழிதான் பயம். ஆங்கிலத்தில், "ஐ திங்க் ஐ ஹாவ் பேட் பிரெத், அண்ட் மை கம்ஸ் ப்ளீட் வென் ஐ ப்ரஷ்" என்றால் போதும். "கம்ஸ்" என்பது முரசு. சிங்களத்தில் "மகே கட கந்தய், விதுருமஸ் வலின் லே எனவா" என்று சொல்லலாம். எத்தனை நாளாக இருக்கிறது, வேறு என்ன வருத்தங்கள் உண்டு, என்ன மாத்திரை பாவிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். கிளினிக் கொப்பியையும் மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள்.

கத்தார் மாணவர் பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்ல மீண்டும் அழைத்தார். அந்த வசனங்களைச் சொன்னாராம். பிலிப்பைன்ஸ் இளைஞர் முகம் சிவந்து, இரண்டு நாட்கள் இவரோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து போகும்போது, பக்கத்தில் நல்ல பல் வைத்தியர் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். இருவரும் சேர்ந்தே போனார்களாம். மாணவருக்கும் இரண்டு சூத்தைப் பற்கள் இருந்தனவாம்.